பிரம்மகிரிக் கற்பதுக்கைகள்

கர்நாடக மாநிலத்தில் சித்திரதுர்க்க மாவட்டத்து மொளகால்மூரு வட்டத்தில், சித்தாபுரம் என்னும் கிராமத்தை அடுத்து எழுந்து நிற்கும் பிரம்மகிரி என்ற கருங்கற் குன்றின் அடிவாரத்தில், பூர்வீக மக்கள் தம்முள் இறந்தோர்க்கென எடுத்த ஏறத்தாழ 300 பெருங்கற்சின்னங்கள் அடங்கிய ஈமக்காடு ஒன்று உண்டு. அச்சின்னங்களுள், நிலத்தைத் தோண்டி, அடியிலும் நாற்புறத்திலும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி அமைத்தவை கற்பதுக்கைகள் எனப்படும். 1947-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் இவற்றுள் சிலவற்றையும், அவற்றுக்கு அண்மையில் குன்றின் சரிவில் புதைந்து கிடந்த பழைய ஊரையும் ஒருசேர அகழ்ந்து ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் பெருங்கற்காலக் கல்லறைகளை அவற்றை எடுத்தவர்கள் வாழ்ந்த ஊரோடு பொருத்தி, மண்ணடுக்குகளின் வரிசையில் அவற்றுக்குரிய இடத்தை முதன்முதலாக நிலைநாட்டிய அகழ்வு இதுவே யாதலின், சரித்திர ஆராய்ச்சியாளர் பிரம்மகிரியின் பெயரைத் தனி மதிப்புடன் குறிப்பிடுவது வழக்கமாயிற்று.

இடமும் அசோகனின் சாசனங்களும்

தக்காணத்துப் பீடபூமியின் தென்பகுதியில், பல்லாரியிலிருந்து சித்திரதுர்க்கம் வரையில் பரந்த இப்பிரதேசம் மழை குறைந்தது. முட்புதர்களும் கரிசற் காடுகளும் நிறைந்த சமவெளியில், வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து உருண்டு திரண்ட கருங்கற் பாறைகளைச் சுமந்துகொண்டு குன்றுகள் ஆங்காங்கே தனித்து எழும்பி நிற்கின்றன. இயற்கையே பலகைபோற் பிளந்து தரும் இக்கல்தான் ஈமச்சின்னங்களை எடுத்தவர்க்கு மூலப்பொருளாயிற்று. நெருப்பிட்டுச் சூடேற்றிப் பாறையின் ஏட்டைப் பெயர்த்தெடுக்கும் உபாயம் தென்னாட்டுக் கல்தச்சரிடையே அண்மைக் காலம் வரையில் வழங்கிவந்ததை நோக்க, அக்காலத்தவரும் அவ்வாறே செய்திருத்தல் கூடும் என்று கருதலாம்.

இக்குன்றின் பெயர் கல்லறைகளால் அன்றிச் சாசனங்களாலேயே முதலில் அறிஞர் உலகை எட்டியது. மைசூர்ச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்த பி. எல். ரைஸ், 1892-ஆம் ஆண்டையொட்டி, பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய அண்டை இடங்கள் மூன்றில் மௌரியச் சக்கரவர்த்தி அசோகனின் சிறு பாறைச் சாசனங்களைக் கண்டு வெளிப்படுத்தினார். சுவர்ணகிரியில் இருந்த அரசகுமாரனும் மகாமாத்திரர் என்னும் உயர் அதிகாரிகளும் இசிலம் என்னும் ஊரின் மகாமாத்திரர்க்கு விடுத்த ஆணையாக அச்சாசனம் அமைந்திருக்கிறது. அதை எழுதிய சபடன் என்பவன், பிராமி எழுத்தில் வாசகத்தை முடித்துவிட்டு, எழுத்தன் எனப் பொருள்படும் சொல்லை மாத்திரம் வடமேற்கெல்லையில் வழங்கிய கரோஷ்டி லிபியில், வலமிருந்து இடமாகப் பொறித்திருக்கிறான். காந்தாரத்துப் பயிற்சியுடைய எழுத்தன் ஒருவன் மைசூர்க் காட்டில் தன் கைவன்மையைக் காட்டிச் சென்ற இச்செய்தி வேடிக்கையானது. அதனினும் முக்கியமானது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இங்கே அதிகாரிகள் தங்கிய ஓர் ஊர் இருந்தது என்பது. குன்றின் சரிவில் புதைந்துள்ள ஊரே இசிலம் ஆகலாம் என்ற ஊகம் அதனால் எழுந்தது.

கல்லறைகளையோ, அவற்றின் அருகே ஆடு மேய்த்தவர்கள் எக்காலத்தும் கண்டே வந்தனர். கன்னட நாட்டில் இத்தகைய சின்னங்களை மோரியர் வீடுகள் என்றும் பாண்டவர் வீடுகள் என்றும் வழங்குவர். தமிழ்நாட்டிலும் பாண்டவர் குழி, வாலியர் வீடு முதலான பெயர்கள் உண்டு. வனவாசம் செய்த பாண்டவர் தங்கிய இடமென்றும், பண்டொரு காலத்தில் வாழ்ந்த குள்ளர்கள் நெருப்பு மழைக்கு அஞ்சிக் கட்டிக்கொண்ட வீடென்றும் சொல்லும் கதைகள் தென்னாடு முழுவதும் பரவியிருப்பதைக் காண, இவை இன்னாருடையவை என்ற நினைவு நெடுங்காலத்துக்கு முன்னரே மக்களிடையே அற்றுப்போயிற்று என்பது விளங்கும்.

முன்னோர் செய்த முயற்சிகள்

பெருங்கற்சின்னங்களைத் தோண்டிப் பார்க்கும் வழக்கம் பிரம்மகிரிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. மலபாரில் பாபிங்டன் என்பவர் 1820-களில் குடைவரைகளையும் தாழிகளையும் திறந்து அவற்றைப் பற்றி எழுதினார். நீலகிரியில் பிரீக்ஸ் முதலானோரும், ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியராகிய யாகோரும், அவருக்குப்பின் அலெக்சாண்டர் ரீயும் ஏராளமான பொருள்களை வெளிக்கொணர்ந்தனர். ஆயினும் இவர்களுள் பெரும்பாலோர் குழியினுள் இருந்த பொருளை நாடினார்களேயன்றி, அப்பொருள் எந்த மண்ணில், எதற்கு மேலாக, எதற்குக் கீழாகக் கிடந்தது என்பதைக் கருதினாரல்லர். அதனால் அருங்காட்சியகங்களின் அலமாரிகள் நிரம்பினவேயன்றிக் காலவரையறை கிட்டவில்லை.

இப்பொது விதிக்குச் சிறந்த விலக்காக விளங்கியவர் காப்டன் மெடோஸ் டெய்லர். ஐதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட ஷோராப்பூர்ச் சிற்றரசின் நிர்வாகத்தை மேற்பார்த்த இவர், தக்கர் என்னும் வழிப்பறிக் கொள்ளையரைப் பற்றிய நாவலொன்றால் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றவர். எனினும் 1850-களில் அவர் அப்பக்கத்துக் கல்லறைகளை அகழ்ந்தபோது, குழியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை, மண்ணின் அடுக்குகளும் எலும்புகளும் கலங்களும் கிடந்த கிடையிலேயே வரைந்து காட்டியது அந்நாவலினும் நிலைத்த கீர்த்திக்கு உரியது என்று சொன்னால் மிகையாகாது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வீலரே அப்படத்தை வியந்து போற்றி, அகழ்வாய்வு முறையைப் பற்றித் தாம் 1954-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

பிரம்மகிரியிலும் வீலர் முதல்வர் அல்லர். மைசூர்ச் சமஸ்தானத் தொல்பொருள் இலாகாவின் இயக்குநராக இருந்த எம். எச். கிருஷ்ணா, சித்திரதுர்க்கத்தை அடுத்த சந்திரவள்ளியை முன்னரே அகழ்ந்தவர்; பின்பு பிரம்மகிரியிலும் தோண்டி, கற்கருவி வழங்கிய காலம் முதல் சாதவாகனர் காலம் வரையில் பல பண்பாடுகளின் படிவுகள் இங்கே ஒன்றன்மேலொன்றாக உள்ளன என்று கண்டிருந்தார். வீலரின் அறிக்கையைப் படித்தோர் பலர் இவ்வறிஞரை மறந்துவிடுவது நியாயமன்று.

1947-ஆம் ஆண்டு அகழ்வு

இரண்டாம் உலகப்போரின் முடிவுக்காலத்தில், போர்க்களத்திலிருந்து நேரே இந்தியாவுக்கு வந்து 1944-இல் பதவியேற்ற வீலர், நான்காண்டுகளே இந்நாட்டில் பணிபுரிந்தார். தட்சசீலத்தில் மாணவர்களைத் திரட்டி அகழ்வுப் பயிற்சி அளித்ததும், 1945-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டையும் 1946-இல் ஹரப்பாவையும் அகழ்ந்ததும் அக்காலத்தில் நிகழ்ந்தவை. இவற்றுள் அரிக்கமேடு பிரம்மகிரிக்கு வாயிலாக அமைந்தது. ஆண்டுக் குறிப்போ நாணயமோ கிட்டாத தென்னிந்தியப் பழம் படிவுகளுக்குக் காலம் குறிக்க ஒரு நிலையான புள்ளி வேண்டும் என்று தேடிய வீலருக்கு, இத்தாலிய நாட்டில் அரெசோ நகரத்துப் பெயரால் வழங்கும் செந்நிற மெருகுக் கலங்களும், அவற்றோடு உடன்கிடந்த ஒருவகைத் தட்டுகளும் அரிக்கமேட்டில் அகப்பட்டன. உள்ளடியில் சிறு பற்சக்கரம் உருட்டியது போன்ற வட்டக் கோடுகளை அணியாகக் கொண்ட அத்தட்டுகள் ரூலெட்டட் கலங்கள் எனப்படும். இத்தாலியக் கலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தது என்பது ஐரோப்பாவில் நன்கு தெரிந்த செய்தியாதலால், அதனோடு கிடைத்த தட்டுகளும் ஏறத்தாழ அக்காலத்தனவே என்று அவர் முடிவு செய்தார். இனி, அத்தகைய தட்டு தக்காணத்தின் உள்நாட்டு ஊர் ஒன்றில் கிடைத்தால், அவ்வூரின் படிவுக்கும் காலம் கிடைத்துவிடும். அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை அதைக்கொண்டு அளந்துவிடலாம். பிரம்மகிரியையும் சந்திரவள்ளியையும் அவர் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் இதுவே.

அகழ்ந்த முறையைச் சிறிது விரித்துரைப்பது தகும். நிலத்தைச் சமசதுரக் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே தோண்டாத மண்சுவர்களை நிறுத்தி, அச்சுவர்களின் முகத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் ஒவ்வோர் இடத்திலும் கோடு கிழித்து எண்ணிட்டு, எடுத்த ஒவ்வோர் ஓட்டையும் மணியையும் அது கிடந்த அடுக்கின் எண்ணோடு சேர்த்துப் பதிவது வீலரின் முறை. வட்டமான மேடுகளையும் கல்வட்டங்களையும் அகழும்போது, அவற்றை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்களை முதலில் தோண்டுதல் வேண்டும் என்பது அவர் விதித்த மற்றொரு நெறி. அவ்வாறு செய்தால், மேட்டின் முழு நீளத்துக்கும் குறுக்காக இரண்டு வெட்டுத் தோற்றங்கள் அழியாது கிடைக்கும். இந்த ஒழுங்கு இல்லாதிருந்தால், பிரம்மகிரியில் கண்ட எப்பொருளும் முந்திய நூற்றாண்டின் அலமாரிப் பொருள்களோடு மேலும் ஒன்றாய்க் கலந்திருக்கும்.

கற்பதுக்கையின் அமைப்பு

கற்பதுக்கையைக் கட்டியவர்கள் முதலில் அகன்ற குழியொன்றை வெட்டி, அதன் அடியில் பெரிய கருங்கற் பலகையைத் தளமாகப் பரப்பினர். பின்னர் நான்கு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தினர். ஒவ்வொரு பலகையும் தன் ஒரு முனையால் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளுமாறு நிறுத்தினமையால், மேலிருந்து நோக்கும்போது அவ்வறை ஸ்வஸ்திகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. இவ்வடிவத்தை மங்கலச் சின்னமாகக் கொண்டு சமயப் பொருள் கற்பிப்பாரும் உளர். ஆனால் கட்டடத் தொழிலின் கண்கொண்டு பார்த்தால் காரணம் வெளிப்படை: புறத்தே நிரப்பிய மண்ணும் கல்லும் பலகைகளை உள்நோக்கி நெருக்கும்போது, ஒவ்வொரு பலகையும் அடுத்ததன் மேல் சாய்ந்து தடுக்கப்படுவதால், சுண்ணமோ சாந்தோ இன்றியே அறை சரியாது நிற்கும். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவை நின்ற நிலையிலேயே அகப்பட்டன என்பது அத்தச்சரின் கணக்குப் பிழைபடவில்லை என்பதற்குச் சான்று.

கிழக்குப் பலகையில் வட்டமான துளையொன்று குடையப்பட்டிருக்கிறது. இதனைத் தமிழ்நாட்டுத் தொல்லியலார் இடுதுளை என்பர். கடினமான கருங்கல்லில் இத்தகைய துளையைப் பிசிறின்றி இடுவது எளிய வேலை அன்று. உறுதியான இரும்புக் கருவிகளும் அவற்றைப் பிடித்துப் பழகிய கைகளும் வேண்டும். துளைக்கு முன்னே கல் வைத்து ஒடுக்கமான வழி ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது; காரியம் முடிந்ததும் வேறொரு பலகையால் துளை அடைக்கப்பட்டது. இவற்றை எல்லாம் சூழ்ந்து, பெரிய உருண்டைக் கற்கள் ஏறத்தாழ இருபதடி குறுக்களவில் வட்டமாக நாட்டப்பட்டன. சில இடங்களில் வட்டம் இரண்டாகவும் அமைந்தது. அறைக்கும் வட்டத்துக்கும் இடையிலுள்ள வெளி மண்ணாலும் கல்லாலும் நிரப்பப்பட்டமையால், பணி நிறைவுற்ற பின்னர் மூடுகல்லும் வட்டக்கற்களுமே வெளியே தோன்றியிருக்கும்.

துளை ஏன் என்பது பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஆவி வந்துபோகும் வழி என்று கொள்வாரும், மூடுகல்லை ஏற்றிய பின்னர் மீண்டும் மீண்டும் எலும்புகளை உள்ளே இடுவதற்கான வாயில் என்று கொள்வாரும் உளர். ஒரே அறையில் ஒருவர்க்கு மேற்பட்டோரின் எலும்புகள் காணப்பட்டமையும், துளைக்கு முன்னே வழி அமைந்திருப்பதும் பின்னைய கருத்துக்கே வலிமை தருகின்றன. குடும்பமோ குலமோ ஒன்றுக்குப் பொதுவான அறையாக அது பயன்பட்டிருக்க வேண்டும். காக்கசஸ் மலைப்பகுதியிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இவ்வாறே துளையிட்ட கல்லறைகள் இருப்பதைக் கொண்டு, ஒரு பெரும் பிரயாணத்தின் அடிச்சுவடுகள் இவை என்று எண்ணியவர் பலர். அவற்றுக்கும் தென்னிந்தியச் சின்னங்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் மைல்களும் கிடப்பதால், அவ்வுறவை ஏற்பதில் தயக்கம் காட்டுவதே அறிவுடைமை.

எலும்புகளும் உடன்வைத்த பொருள்களும்

பதுக்கையுள் முழு உடலம் கிடத்தப்பெறவில்லை. மண்டையோடுகளும் கைகால்களின் நீண்ட எலும்புகளுமே பெரும்பாலும் கிடைத்தன. அவையும் உடலில் பொருந்தியிருந்த முறையில் இல்லாது, திரட்டி வைக்கப்பட்டவையாகவே காணப்பட்டன. ஆகவே, உயிர் நீங்கிய உடலை முதலில் வேறோரிடத்தில் இட்டு, தசை அழிந்தபின் எஞ்சிய அஸ்தியைச் சேகரித்து இவ்வறையில் வைத்தனர் என்பது தெளிவு. இறந்தோரைச் சுடுவது, வெளியில் போடுவது, குழியில் இடுவது, பள்ளத்தில் அடைப்பது, தாழியிற் கவிப்பது என ஐந்து முறைகள் ஒரே நகரத்து ஈமப்புறங்காட்டில் வழங்கியதை மணிமேகலை கூறுகிறது; வெளியில் இடுவதும் பின்பு அடைப்பதும் ஒரே சடங்கின் இரு படிகளாக இருந்திருத்தல் கூடும் என்ற எண்ணத்தைப் பிரம்மகிரியின் எலும்புகள் எழுப்புகின்றன.

எலும்புகளுடன் மட்கலங்கள் ஏராளமாக வைக்கப்பட்டன. அவற்றுள் தலைமையானது கறுப்பு-சிவப்புக் கலம்: உட்புறமும் விளிம்பும் கருநிறமாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செந்நிறமாகவும் இருக்கும். கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, உட்புறத்துக்கும் விளிம்புக்கும் காற்றுப் படாமையால் அப்பகுதி கறுக்கிறது. காற்றும் தீயும் தாராளமாகப் படும் புறப்பகுதி சிவக்கிறது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் வனைந்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினர். தட்டுகள், ஆழ்ந்த கிண்ணங்கள், புனல் வடிவான மூடிகள், உருண்டை அடியுடைய பானைகளைத் தாங்கும் பிரிமணைகள் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும் வடிவங்கள். சில கலங்களின் மேல் சுட்டபின் கீறிய குறியீடுகள் உண்டு. அவை கலத்துக்கு உடையவரின் அடையாளமா, குலக்குறியா, எழுத்தின் முன்னோடியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

இரும்பில் அரிவாள், கத்தி, அம்புமுனை, ஈட்டிமுனை, ஆப்பு, ஆணி முதலியன கிடைத்தன. உழவும் வேட்டையும் போரும் ஒருங்கே தெரியும் இக்கூட்டத்தில், வேளாண் கருவியையும் படைக்கலத்தையும் ஒரே சமாதியில் வைத்தவர்கள் அவ்விரண்டையும் வெவ்வேறு மனிதரின் தொழிலாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. பொன்னாலும் கல்லாலும் சங்காலும் சுடுமண்ணாலும் ஆகிய மணிகளும் கிட்டின; பொன் அளவில் மிகச் சிறிதே.

குழிவட்டங்கள்

கற்பதுக்கைகளோடு கலந்து, அவற்றைப் போன்றே கல்வட்டம் சூழ்ந்து, ஆனால் உள்ளே கற்பலகை அறை இல்லாத வேறு வகைச் சின்னங்களும் பிரம்மகிரியில் உள. இவற்றைத் திறந்தபோது ஆழ்ந்த குழியொன்றும், அதன் தரையில் நான்கு தட்டையான கற்கள் சதுரத்தின் மூலைகளில் வைத்தாற்போல் கிடப்பதும், கலங்களும் இரும்புப் பொருள்களும் காணப்பட்டன. மனித எலும்போ இல்லையென்றே சொல்லத்தக்க அளவு அரிதாயிருந்தது. இதைக் கண்ட வீலர் கூர்மையான ஊகமொன்றைச் சொன்னார்: நான்கு கற்களும் மரப்பாடையின் நான்கு கால்களைத் தாங்கியவை, இறந்தவரின் உடல் பாடையோடு இக்குழியில் வைக்கப்பட்டுத் தசை அழியும் வரையில் விடப்பட்டது, பிறகு எலும்பைத் திரட்டி அண்டையிலுள்ள கற்பதுக்கைக்குக் கொண்டுசென்று, குழியை மண்ணிட்டு நிரப்பினர். பதுக்கையில் எலும்பு முறைமாறிக் கிடப்பதற்கும் குழியில் எலும்பு இல்லாமைக்கும் இவ்வாறு ஒரே காரணம் கிடைத்துவிடுகிறது.

இவ்வூகத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் இது பிரம்மகிரிக்கு மாத்திரமே பொருந்துவதாகக் கொள்ளல் வேண்டும். ஏனெனில் தென்னாட்டின் பிற இடங்களில் கல்வட்டத்துக்குள் அமைந்த குழிகளே நிலையான சவக்குழிகளாயிருக்கின்றன. செங்கற்பட்டை அடுத்த சானூரில் 1950-லும் 1952-லும் பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் அகழ்ந்தபோது, கல்வட்டங்களுக்குள் கால்களோடு கூடிய சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டனர். மேலும், அமிலத்தன்மையுள்ள மண்ணில் எலும்பு தானே கரைந்தொழிவதும் உண்டு. எலும்பு கிடைக்காமை எலும்பு எடுக்கப்பட்டமைக்குப் போதிய சான்றாகாது.

ஊரும் கல்லறையும்

ஈமக்காட்டை மாத்திரம் அகழ்ந்திருந்தால் பிரம்மகிரி மற்றோர் ஆதிச்சநல்லூராகவே முடிந்திருக்கும். குன்றின் சரிவிலுள்ள ஊர்ப்படிவை வெட்டிப் பார்த்தபோது மூன்று பண்பாடுகள் வரிசையாகத் தோன்றின. அடியில் இருந்தது கற்கோடரிப் பண்பாடு: கையால் வனைந்த கரடுமுரடான சாம்பல்நிறக் கலங்களையும், தேய்த்து மெருகிட்ட கூர்முனைக் கோடரிகளையும், சூரியகாந்தக்கல், அகேட், ஸ்படிகம் முதலியவற்றில் செய்த நுண்கருவிகளையும் வழங்கியவர்கள் நெடுங்காலம் இங்கே வாழ்ந்தனர், செம்பும் வெண்கலமும் அவர்களிடம் அற்பமாகவே இருந்தன. தம் குழந்தைகளை அவர்கள் தாழிகளில் இட்டு வீட்டுக்கு அருகிலேயே புதைத்தனர். இதற்கு மேல், கல்லறைகளில் கண்ட அதே கறுப்பு-சிவப்புக் கலங்களும் இரும்பும் நிறைந்த பெருங்கற்காலப் படிவு வந்தது. மேலே, விரைவாகச் சுழலும் சக்கரத்தில் வனைந்து, காவிப்பூச்சின்மேல் வெண்கோட்டுச் சித்திரம் தீட்டிய கலங்களையுடைய ஆந்திரர், அதாவது சாதவாகனர் காலப் படிவு அமைந்தது. ரூலெட்டட் கலங்கள் இம்மேற்படிவிலேயே கிடைத்தன. சந்திரவள்ளியிலும் அவை ரோமானிய நாணயத்தோடு சார்ந்திருந்தன.

கல்லறையில் இருந்த பானையும் ஊரின் நடு அடுக்கில் இருந்த பானையும் ஒன்றே என்று கண்டதுதான் இவ்வகழ்வின் உயிர்நிலை. அதுவரையில் காற்றில் மிதந்துகொண்டிருந்த பெருங்கற்சின்னங்கள், கற்கோடரிக்காரர்களுக்குப் பின்னும் சாதவாகனர்க்கு முன்னுமாக நிலைபெற்றன. முதற்பண்பாட்டின் கலங்களும் கோடரிகளும் இரண்டாம் படிவினுள்ளும் குறைந்துகொண்டே சிறிது தூரம் தொடர்ந்து வந்தமையால், பழைய மக்கள் முற்றிலும் அழிந்துபோகவில்லை, புதியவரோடு கலந்து வாழ்ந்தனர் என்பதும் புலனாயிற்று.

காலவரையறையும் அதன் தளர்ச்சியும்

வரிசையை வகுத்த வீலர் ஆண்டுகளையும் வகுத்தார். மேற்படிவுக்கு கி.பி. முதல் நூற்றாண்டு என்ற ஆதாரம் அரிக்கமேட்டால் கிடைத்தது. அதிலிருந்து கீழ்நோக்கி, படிவுகளின் கனத்தைக் கருதி, பெருங்கற்காலப் பண்பாடு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்து கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் முடிந்தது என்றும், கற்கோடரிப் பண்பாடு கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில் தோன்றியது என்றும் மதிப்பிட்டார். இதன்படி பார்த்தால் ஒரு விந்தை நிகழ்கிறது: அசோகனின் எழுத்தன் குன்றின் பாறையில் தர்மத்தைப் பொறித்துக்கொண்டிருந்த அதே வேளையில், அக்குன்றின் சரிவிலேயே மக்கள் கல்லைத் தேய்த்துக் கோடரி செய்துகொண்டிருந்தனர். மகாமாத்திரர்க்கு ஆணை அனுப்பிய சாம்ராஜ்யத்தின் ஊரில் இரும்பே புகவில்லை என்று கொள்வது நம்புதற்கு எளிதன்று. மௌரியரின் வருகையே இரும்பையும் புதிய வாழ்வையும் தெற்கே தள்ளியது என்ற எண்ணம் அக்காலத்து அறிஞரைக் கவர்ந்திருந்தமையால், இவ்விடர்ப்பாடு பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

வில்லர்ட் லிபி கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முறையை வெளியிட்டது 1949-இல். பிரம்மகிரி அகழ்வோ அதற்கு இரண்டாண்டு முந்தியது. பின்னர் அம்முறை தென்னாட்டுக்கு வந்தபோது, பிரம்மகிரியின் ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்குச் சென்றன. ஆல்சின் அகழ்ந்த உட்னூர்ச் சாம்பல்மேடு, புதியகற்கால மக்கள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலேயே மாடு மேய்த்து வாழ்ந்ததைக் காட்டியது. கர்நாடகத்து ஹல்லூரில் நாகராஜ ராவ் செய்த அகழ்வில், இரும்பின் தொடக்கம் கி.மு. 1000-ஐ ஒட்டிச் சென்றது. தமிழ்நாட்டின் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த படிவுக்கு கி.மு. 2172 என்ற கணிப்பு 2022-இல் அறிவிக்கப்பட்டது. வீலரின் ஆதாரப் புள்ளியும் அசையாமல் நிற்கவில்லை: 1989 முதல் 1992 வரையில் அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, ரூலெட்டட் கலங்கள் இத்தாலியக் கலங்களுக்கு முன்னரே, கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே வழங்கத் தொடங்கின என்று நிறுவினார்.

இவற்றால் வீலரின் ஆண்டுகள் வீழ்ந்தன, வரிசை வீழவில்லை. கற்கோடரிக்குப் பின் பெருங்கல், அதற்குப் பின் சாதவாகனர் என்ற அடுக்கு, மஸ்கியில் 1954-இல் பி. கே. தாபர் அகழ்ந்தபோதும், தக்காணத்தின் வேறு பல இடங்களிலும், ஒவ்வொரு காலத்தின் நீளம் மாறினாலும் முறை மாறாது காணப்பட்டது. மண்ணைக் கண்ணால் பார்த்துக் கோடு கிழித்தது நிலைத்தது. படிவின் கனத்திலிருந்து நூற்றாண்டுகளைக் கணக்கிட்டது நிலைக்கவில்லை. ஓர் ஊரின் குப்பை எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் சேர்வதில்லை என்பது வீலருக்குத் தெரியாததன்று. வேறு அளவுகோல் அப்போது அவர் கையில் இல்லை.

கட்டியவர் யார்

இக்கேள்விக்குத்தான் விடைகள் மிகுதி, ஆதாரம் குறைவு. கல்லறை எடுத்தவர் கடல்வழியே மேற்கிலிருந்து வந்த திராவிட மொழியினர் என்று பியூரர்-ஹைமண்டார்ப் 1950-களில் வாதித்தார். பிரம்மகிரியில் கிடைத்த எலும்புகளை அளந்த எஸ். எஸ். சர்க்கார், 1960-இல், ஈரானிய-சித்தியக் கலப்புடைய இனத்தவர் வரவைத் தாம் அவற்றில் கண்டதாக எழுதினார். சிதைந்த சில மண்டையோடுகளின் நீள அகலங்களைக் கொண்டு இனங்களையும் படையெடுப்புகளையும் படைக்கும் முறையை, தென்னாசிய எலும்புக்கூடுகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி பின்னாளில் கடுமையாக மறுத்தார். தலையின் வடிவம் பிறப்பாலன்றி உணவாலும் சூழலாலும் வேறுபடக்கூடியது என்பதும், ஒரே மக்கட்கூட்டத்தினுள்ளேயே பெரும் வேற்றுமை இருக்கும் என்பதும் அம்மறுப்பின் சாரம். கற்பதுக்கை, கல்திட்டை, குடைக்கல், தாழி என்று பிரதேசத்துக்குப் பிரதேசம் வடிவம் மாறி, கறுப்பு-சிவப்புக் கலமும் இரும்பும் மாத்திரம் எங்கும் ஒத்து நிற்கும் இச்சின்னங்களை ஒரே இனத்தவர் ஒரே வழியாக வந்து எடுத்தனர் என்பதைக் காட்டிலும், ஏற்கெனவே இங்கு வாழ்ந்த பல கூட்டத்தார் ஈமச்சடங்கின் ஒரு பெருவழக்கைத் தத்தம் நிலத்துக் கல்லுக்கும் மண்ணுக்கும் ஏற்ப மேற்கொண்டனர் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் சாயும் கருத்து. பிரம்மகிரியின் ஊர்ப்படிவில் பழைய கலமும் புதிய கலமும் ஒரே அடுக்கில் கலந்து கிடந்தமை இக்கருத்துக்கே இடந்தருகிறது.